அப்பாவிடம் வாங்கிய கடிதத்தைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய பதிவாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் போர்ட்டலில் ஓட்டை இருப்பதைச் சொன்னதற்காக என்னை விசாரித்த ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் நீங்களும் இருந்தீர்கள், அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. நான் கேட்பது ஒன்றுதான். என் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிய அந்த மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பித் தாருங்கள். என் கோப்பில் அது இல்லை என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

குழுவில் என்னை முழுசாகப் பேசவிடவில்லை, அதனால் இதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். அப்போது மாணவர் போர்ட்டலில் மதிப்பெண் பக்கத்தைத் திறந்தால் மேலே முகவரியின் கடைசியில் நம் பதிவெண் அப்படியே தெரியும். அதை அழித்து வேறொருவர் எண்ணை அடித்தால் அவருடைய பக்கம் வந்துவிடும், கடவுச்சொல்கூடக் கேட்காது. தோழியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் சம்மதத்தோடு, அவள் எண்ணை மட்டும் போட்டுப் பார்த்தேன். மதிப்பெண்ணோடு அவள் சாதி, அவள் அப்பாவின் கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் வந்து நின்றன. அன்றைக்கே துறைத்தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை எதுவும் வேண்டியதில்லை. இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் ஓட்டை இது. நீங்கள் வைத்த பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

பதிலுக்கு வந்தது, பெற்றோரை அழைத்து வரச் சொல்லும் கடிதம்.

அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். தறி ஓடினால்தான் கூலி. படித்தது ஐந்தாம் வகுப்பு. அன்றைக்கு வேலைக்குப் போகாமல், விசேஷத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். உங்கள் அலுவலக வராந்தாவில் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. யாரும் உட்காரச் சொல்லாததால் மதியம் வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "உங்க பொண்ணு யுனிவர்சிட்டி கம்ப்யூட்டரை ஹேக் பண்ணிருக்கு, கேஸ் போட்டா மூணு வருஷம் உள்ள" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். மகள் செய்த குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவும் இனி அவள் செய்யும் எதற்கும் தானே பொறுப்பு என்றும் அதில் இருந்ததை, திரும்பி வரும்போது பேருந்தில் நான்தான் நகலைப் பார்த்துப் படித்துச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, "போலீசு வூட்டுக்கு வருமா கண்ணு?" என்றார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவை நானும் படித்திருக்கிறேன் ஐயா. நேர்மையில்லாமலோ மோசடியாகவோ செய்தால்தான் அந்த மூன்று வருடம். கண்டதை அன்றைக்கே உங்கள் துறையிடம் சொன்னதில் மோசடி எங்கே இருக்கிறது? ஓட்டையைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் தெரிவிக்கலாம் என்று கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்பே வழி வைத்திருக்கிறது. பல்கலைக்கழகமும் நம் வீடுதானே, முதலில் வீட்டில் சொல்வோம் என்று நினைத்தேன்.

போர்ட்டலில் அப்படி எதுவுமே இல்லை என்று குழுவில் சொன்னார்கள். சில நாளில் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் சரியாகிவிட்டது. சந்தோஷம். ஆனால் இல்லாத ஓட்டையை எப்படி அடைத்தீர்கள்? 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் (மால்வேர்) புகுந்த செய்தி வந்தபோதும் முதல் நாள் மறுத்தார்கள், மறுநாள் அணுமின் கழகமே நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் அது இருந்ததை ஒப்புக்கொண்டது. நம் பல்கலைக்கழகத்தில்தான் அந்த மறுநாள் இன்னும் விடியவில்லை.

ஹேக்கர் என்று எனக்குப் பட்டம் கொடுத்துவிட்டீர்கள். அந்த அளவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் பரவாயில்லை. லேபில் இருப்பதெல்லாம் 4 ஜி.பி. ராம் சிஸ்டம். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல் பாக்ஸில், பாதுகாப்புச் சோதனைக்கான காளி லினக்ஸைத் திறந்தால் மவுஸ்கூட நகராது. அது வேகமாக ஓட, கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யலாம் என்றால் அதற்குக் கடவுச்சொல், அது தெரிந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஹேக்கிங் என்ற சொல் இருக்கிற தளங்களையெல்லாம் ஃபயர்வால் தடுத்துவிடும், எத்திக்கல் ஹேக்கிங் எங்களுக்குக் கட்டாயப் பாடமாக இருந்தாலும். நெட்வொர்க்கை ஆராயும் என்-மேப் கருவியின் அவுட்புட்டை சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினோம், அவருடைய ஐ.பி. முகவரி உட்பட. முழு மதிப்பெண் போட்டீர்கள். அட்மிஷன் சமயத்தில் 'முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்குகிறோம்' என்று பைபாஸில் பேனர் வைத்தீர்களே, அதில் நல்ல லேப் ஒன்றின் படமும் இருந்தது. அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்றாவது சொன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

மன்னிக்க வேண்டும், லேப் பிரச்சினைக்குத் தனியாக மனு கொடுத்துக்கொள்கிறோம். இப்போதைக்கு அந்தக் கடிதம்தான். அடுத்த செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது. சைபர் பாதுகாப்புத் துறையில் ஆள் எடுப்பவர்கள் வேறு எதை விட்டாலும் நன்னடத்தையை விசாரிக்காமல் விடமாட்டார்கள். அப்போது என் கோப்பிலிருந்து வெளியே வருவது, அப்பா கையெழுத்துப் போட்ட குற்ற ஒப்புதலாக இருக்கும். சொந்தக்காரர்களில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை, இது வெறும் சம்பிரதாயம்தான் என்று அவருக்கு எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. தான் எழுதிக் கொடுத்ததால்தான் மகள் வாழ்க்கை போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே தயவுசெய்து அந்தக் கடிதத்தை ரத்து செய்து, மூலப் பிரதியைத் திருப்பித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ரத்து செய்ததைத் தமிழில் எழுதித் தந்தால் அப்பாவே படித்துக்கொள்வார். என்ன விளக்கம் வேண்டுமானாலும் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள், எனக்குப் பத்தொன்பது வயது முடிந்துவிட்டது. அப்பாதான் வரவேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லுங்கள், அன்றைக்குத்தான் அவருக்கு லீவு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்றாம் ஆண்டு மாணவி,
பி.எஸ்சி. சைபர் செக்யூரிட்டி