பரிசு வாங்கிய படம் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

பள்ளிச் செய்திகள் பக்கத்தை விடாமல் படிப்பவன் நான். சிறப்பு விருந்தினர் யார், பொன்னாடை போர்த்தியது யார் என்பதெல்லாம் விவரமாக வருகிறது, சாதித்த மாணவி பெயர் மட்டும் கடைசி வரியில், அதுவும் சில சமயம் எழுத்துப்பிழையோடு. அவள் என்ன செய்தாள் என்று ஒரு வரி எழுதினால் என்ன?

சர்வதேசக் கணித ஒலிம்பியாடையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் ருமேனியாவில் தொடங்கிய போட்டி. இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம், மொத்தமே 6 கணக்குகள்தான், ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண். பதக்கம் கிடைக்காவிட்டாலும் ஒரே ஒரு கணக்கை முழுமையாகப் போட்டு 7 மதிப்பெண்ணும் வாங்கிவிட்டால் அதற்கும் கௌரவக் குறிப்பு உண்டு. அந்த ஒரு கணக்கோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டிய கதையைத்தான் மற்ற பிள்ளைகள் படிக்க ஆசைப்படுவார்கள், கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தை அல்ல.

அப்புறம், முதல் மூன்று இடங்களோடு செய்தியை முடித்துவிடாதீர்கள். போன தேர்வில் தோற்று இந்த முறை தேறியவனும் செய்திதான். இடம் போதவில்லை என்றால் விருந்தினர் பட்டியலில் கொஞ்சம் கை வையுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சரி, விருந்தினர்கள் கோபிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்