சாளுவன்குப்பத்தில் வழி சொன்ன இளநீர்க் கடை அக்காவுக்கு நன்றி

மாமல்லபுரம் அருகே பல்லவர் பாறையில் குடைந்த புலிக்குகையோடு திரும்ப இருந்தோம். பெயர் கேட்கத் தோன்றவில்லை, அக்கா. நீங்கள் சொன்னபடி வடக்கே நடந்தோம். மேட்டு மணலில் கால் புதையும். அலை நனைத்த ஓரம் கெட்டி, நடை எளிது. ஆனால் அங்கே குளிக்க இறங்கக் கூடாது, இழுப்பு அதிகம்.

அதிரணசண்ட மண்டபம் என்ற பல்லவர் குடைவரையில் ஒரே வடமொழிப் பாடல் ஒரு சுவரில் கிரந்த எழுத்திலும் எதிர்ச்சுவரில் நாகரி எழுத்திலும் இருக்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னீர்களே, நேராக அடித்தால் எழுத்து தெரியாது. நிழல் விழுந்தால்தான் வெட்டு தெரியும்.

2004 சுனாமி வெளிக்காட்டிய கல்வெட்டை வைத்து 2005-இல் தோண்டியெடுத்த முருகன் கோயிலையும் தவறவிட்டிருப்போம். பல்லவர் கருங்கல்லுக்கு அடியில் பழைய செங்கல் தளம், வாசலில் கல்வேல். செங்கல்மேல் ஏறாதீர்கள், உதிர்கிறது. வெயிலுக்கு முன் கிளம்பச் சொன்னதற்குத் தனி நன்றி.