மொய் விருந்தில் செலவைக் குறைப்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்துதான். பணம் தேவைப்படுகிறவர் விருந்து வைப்பார், சாப்பிட வருகிறவர்கள் மொய் செய்வார்கள். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. நோட்டில் பேர், ஊர், தொகை எழுதுவதோடு சரி. வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்துவிடுவார், பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே. போர்வெல் போட, காலேஜ் ஃபீஸ் கட்ட, கந்துவட்டிக்காரனிடம் போகாமல் தப்பித்த குடும்பங்கள் இங்கே ஏராளம்.

ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தபோது இதன் பலவீனமும் தெரிந்தது. ஊருக்கே ஒரே ராத்திரியில் அடி விழுந்தால் யார் யாருக்கு மொய் செய்வது? அதற்குப் பிறகாவது செலவைக் குறைத்திருக்க வேண்டும். இன்றும் கிடாக்கறி, பந்தல், மைக் செட், ஃபிளெக்ஸ் என்று வந்த மொய்யில் ஒரு பங்கு இலையோடு போய்விடுகிறது.

சிலர் கூட்டாகச் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துகிறார்கள். நோட்டு தனித்தனி, அடுப்பு ஒன்று. இதை எல்லோரும் பின்பற்றலாம். கறியையும் நிறுத்தச் சொன்னால் பெரியப்பாக்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். வரும் ஆடிக்கு ஃபிளெக்ஸையாவது விட்டுவிடலாம். பத்திரிகை வைத்தாலே வருகிற சனம்தானே?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பேராவூரணி.