ஆத்தங்குடி கல்லுக்கு அவசரம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தையில் புதுமனை புகுவிழா வைத்திருப்பவர்கள் கார்த்திகைக் கடைசியில் வந்து, பத்து நாளில் ஆத்தங்குடி கல், அதாவது எங்கள் பக்கம் கையால் வார்க்கும் பூப்போட்ட சிமெண்டுத் தரைக்கல், வேண்டும் என்கிறார்கள். சூளையில் சுட்டு அடுக்கிவைத்த சரக்கு என்றே பலருக்கும் நினைப்பு. இந்தக் கல் நெருப்பைப் பார்ப்பதே இல்லை. பட்டறையின் ஒரு சாதாரண வேலை நாளைப் பார்த்தால் பத்து நாள் பேச்சு எழாது.

காலையில் முதல் வேலை, கல்லை வார்க்கும் கண்ணாடிப் பலகையைத் துடைப்பது. கல்லின் மினுமினுப்பு முழுக்க அந்தக் கண்ணாடி தருவது; பாலிஷ் கிடையாது. பழைய சிமெண்டுப் பொருக்கு ஒட்டியிருந்தால் அந்த இடம் குழி விழும். கண்ணாடி மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. வெள்ளை சிமெண்டில் கலர்ப் பொடி சேர்த்துக் கரைத்த குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை ஆடாமல் நேராகத் தூக்க வேண்டும். குழம்பு நீர்த்திருந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். இறுகியிருந்தால் மூலைக்குப் போகாமல் ஊசித்துளை நிற்கும். உடனே சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவுவார்கள். மிஞ்சிய ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். தூவுவதில் கஞ்சத்தனம் செய்தால் அடுத்து வைக்கும் ஈரச்சாந்து பூவைக் கலைத்துவிடும். சாந்தை நிரப்பி, கரண்டியால் அழுத்தி, மட்டம் பார்த்துச் சட்டத்தைக் கழற்றினால் கைவேலை தீர்ந்தது. சில நிமிடங்கள்தான்.

மீதியெல்லாம் காத்திருப்பு. கண்ணாடியோடு இறுகவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, பிறகு காயவைக்க வேண்டும். சிமெண்டுக்கு ஏழு நாளாவது ஈரம் வேண்டும் என்பது கொத்தனார் எல்லாருக்கும் தெரியும். கல்லுக்கு மட்டும் அதை மறந்துவிடுகிறார்கள். அவசரப்பட்டுக் கண்ணாடியைப் பிரித்தால் முகம் பெயர்ந்து பளபளப்பு போகும். நனைப்பு குறைந்த கல் லாரியிலேயே மூலை உடையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காய நாள் இழுக்கும். சித்திரை வெயிலில் ஈரம் சட்டென்று வற்றி மயிரிழை விரிசல் விடும். தைக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள்.

கணக்கு எளிது. 100 சதுர அடிக்கு 10 அங்குலக் கல் 144, 8 அங்குலக் கல் 225. நூற்றுக்கு ஐந்து கல்லாவது கூடுதலாக, ஒரே தடவையில் வாங்குங்கள். கையால் கலக்கும் கலர் அடுத்த கலவையில் அச்சு அசலாக வராது. பட்டறையில் உடைந்த கல் ஒன்றைக் கேட்டு வாங்கி, விளிம்பில் கலர் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். வெறும் சாயம்போல் மெலிந்திருந்தால் வேண்டாம்.

பதிக்கும்போது மேலே சிந்திய சிமெண்டை அப்போதே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த கறைக்கு உமி போட்டுத் தேய்ப்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். அவசரக்காரக் கொத்தனார் ஆசிட் எடுப்பார், விடாதீர்கள். கண்ணாடி தந்த மேல்தோலை ஆசிட் தின்றுவிட்டால் பளபளப்பு திரும்பாது. புதுத் தரையில் வெள்ளையாக உப்புப் பூத்தாலும் பயம் வேண்டாம். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும்போது சுண்ணாம்பையும் கொண்டு வருகிறது, அவ்வளவே. துடைக்கத் துடைக்கக் குறையும். ஈரம் முழுக்கப் போன பிறகு, துடைக்கும் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். ஆச்சிமார் செய்ததும் அதுதான். கடையில் விற்கும் வாசனைத் திரவம் எதுவும் தேவையில்லை.

மழை விழும் முற்றத்தில் மட்டும் இதைப் பதிக்க வேண்டாம். பழைய செட்டிநாட்டு வீடுகளிலும் அங்கே கருங்கல்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி