கழிவு எவ்வளவு விட்டீர்கள்?

என் பழைய கொம்பனியின் பென்சன் நிதிக்குப் பொறுப்பான நம்பிக்கைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு ஆங்கிலத்தில் ஆறு கடிதம் எழுதிவிட்டேன். வந்த பதில்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் நிரம்பாது. ஏழாவதைத் தமிழில், எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. லண்டனில் ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் இதே போன்ற கடித உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு முழிக்கிற எங்கள் ஆட்களுக்குத் தெரியும், அவர்களும் வாசிக்கட்டும். ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தபாலில் வருகிறது.

1988 ஓகஸ்டில் கொம்பனியின் கணக்குப் பகுதியில் சேர்ந்தேன். 2006 ஜூலையில் விலகினேன். 18 வருடம். கடைசிச் சம்பளம் வருடத்துக்கு 28,800 பவுண். ஒரு வருட வேலைக்குக் கடைசிச் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு என்பது உங்கள் திட்டத்தின் விதி. ஆக, விலகிய அன்று என் பென்சன் வருடம் 8,640 பவுண். விலைவாசியோடு அது ஏறிக்கொண்டு வந்து, 65 வயதிலிருந்து நான் கண்மூடும்வரை வரும்; எனக்குப் பிறகு மனைவிக்குப் பாதி. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை.

2022 பெப்ரவரியில், இதை முழுக்க வேறு நிதிக்கு மாற்றினால் என்ன பெறுமதி தருவீர்கள் என்று கேட்டேன். கேட்கும் உரிமையை 1993 ஆம் ஆண்டின் பென்சன் திட்டச் சட்டம் தந்திருக்கிறது. சட்டம் உங்களுக்குக் கொடுத்த மூன்று மாதத்தையும் ஒரு நாள் மிச்சம் விடாமல் எடுத்துக்கொண்டு, மே மாதம் பதில் போட்டீர்கள்: 297,000 பவுண். மூன்று மாதத்துக்கு இந்தத் தொகை மாறாது என்று உத்தரவாதமும் இருந்தது.

30,000 பவுணுக்கு மேற்பட்ட பென்சனை, அனுமதி பெற்ற நிதி ஆலோசகரிடம் ஆலோசனை எடுக்காமல் மாற்ற முடியாது. 2015 இலிருந்து சட்டம் அப்படி. நானும் ஒருவரைப் பிடித்தேன். அவர் உங்களிடம் இரண்டு பக்கக் கேள்வி அனுப்பினார்: 62 இல் எடுத்தால் எவ்வளவு குறையும், மனைவிக்கு என்ன வரும், வருடாந்த ஏற்றத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு. எல்லாம் உங்கள் கணினியில் இருக்கிற விபரம். பதில் சொல்ல ஒன்பது கிழமை எடுத்தீர்கள். பதில் வந்தபோது உத்தரவாதம் முடிய ஒரு கிழமையும் சொச்சமும். அதற்குள் அறிக்கை எழுத ஏலாது என்று ஆலோசகர் கையை விரித்தார்.

ஓகஸ்டில் திரும்பக் கேட்டேன். 12 மாதத்துக்கு ஒன்றுதான் இலவசம் என்று 250 பவுண் அறவிட்டீர்கள். ஒக்டோபரில் வந்தது புதுப் பெறுமதி: 198,000 பவுண். ஐந்து மாதத்தில் 99,000 பவுணைக் காணவில்லை.

நடுவில் என்ன நடந்தது என்பது எனக்கும் தெரியும். செப்டெம்பர் 23 ஆம் திகதி அப்போதைய பிரித்தானிய நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் தன் மினி பட்ஜெட்டை வாசித்தார். 30 வருட அரச கடன்பத்திரத்தின் வட்டி 5 வீதத்தைத் தாண்டியது. 28 ஆம் திகதி இங்கிலாந்து வங்கியே இறங்கிக் கடன்பத்திரங்களை வாங்க வேண்டி வந்தது.

வாசிக்கிற எங்கள் ஆட்களுக்காக ஒரு விளக்கம். பத்துப் பேர் மாதம் நூறு பவுண்படி கட்டுகிற ஏலச்சீட்டில், முதல் மாதமே ஆயிரத்தைத் தூக்க வேண்டுமென்றால் இருநூறு கழிவு விட்டு எண்ணூறோடு போக வேண்டும். காத்திருப்பவருக்குக் கழிவு குறைவு. பென்சனை முன்கூட்டிக் காசாக்குவதும் இதே சங்கதிதான். 65 இலிருந்து வரப்போகிற காசை இன்றைக்கே எடுப்பதால் அதற்கொரு கழிவு வீதம். அந்த வீதம் பெரும்பாலும் அரச கடன்பத்திர வட்டியைப் பார்த்து நகரும். வட்டி ஏறக் கழிவு கூடும். கைக்கு வருவது சுருங்கும். 65 இல் வரவேண்டிய பென்சன் அதே பென்சன்தான், அதில் ஒரு சதமும் குறையவில்லை. குவார்ட்டெங்குக்காக நான் உங்களோடு சண்டை பிடிக்க வரவில்லை.

ஆனால் சீட்டில் கழிவு முன் அறையில், எல்லோர் காதிலும் விழக் கூறப்படும். சீட்டுப் பிடிக்கிற அக்கா கொப்பியில் எழுதுவதை எட்டிப் பார்க்கலாம். நீங்கள் என்ன கழிவு வீதம் போட்டீர்கள், விலைவாசி எவ்வளவு ஏறும் என்று எடுத்தீர்கள், நான் எத்தனை வயதுவரை இருப்பேன் என்று கணித்தீர்கள்? மூன்றே கேள்வி. கிடைத்த பதில்: “காப்புக்கணிப்பாளரின் ஆலோசனைக்கமைய, சரியாகவே கணிக்கப்பட்டது.” காப்புக்கணிப்பாளர் என்பவர் ஆயுளையும் வட்டியையும் கணித்து ஆலோசனை சொல்கிறவர். நான் கேட்ட அந்த மூன்று எடுகோள்களையும் தீர்மானிக்கும் பொறுப்பு உங்களுடையது. சட்டம் அதை உங்கள் தலையில்தான் வைத்திருக்கிறது.

சரியாகவே கணிக்கப்பட்டதாம். ஒக்டோபர் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்புங்கள். கீழே, சின்ன எழுத்தில், திட்டத்தில் சேர்ந்த திகதி: 1 ஓகஸ்ட் 1989. மே மாதக் கடிதத்தில் அதே இடத்தில் 1988 என்று இருந்தது. ஐந்து மாதத்தில் என் வேலையில் ஒரு வருடத்தை யாரோ அழித்திருக்கிறார்கள். வருடத்துக்கு 480 பவுண் பென்சன், அதுவும் 2006 விலையில். மாற்றுப் பெறுமதியில், என் கைக்கணக்குக்கு, 11,600 பவுண் அளவில் வரும். நான் கணக்குப் பகுதியில் வேலை செய்தவன், இந்தக் கூட்டல் கழித்தல் எனக்குப் பெரிய பாடில்லை.

கேட்டபோது, அந்தக் காலத்தில் முதல் வருடம் திட்டத்தில் சேர்க்காமல் காத்திருக்க வைப்பது வழக்கம் என்று ஒரு பிள்ளை தொலைபேசியில் சொன்னது. வழக்கமாக இருந்திருக்கலாம். வீட்டில் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் என் முதல் சம்பளச் சீட்டு இருக்கிறது. 1988 ஓகஸ்ட். மடிப்பில் மை மங்கிப்போனாலும் வரி வாசிக்கலாம்: பென்சன் பிடிப்பு, 35.40 பவுண். சேர்க்காதவனிடம் எதற்குப் பிடித்தீர்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. 1990 மே 17 இலிருந்து 1997 ஏப்ரல் 5 வரை வேலை செய்தவர்களின் உத்தரவாதப்பட்ட குறைந்தபட்சப் பென்சனில் (அரசின் கூடுதல் பென்சனுக்குப் பதிலாகக் கொம்பனித் திட்டம் தரவேண்டிய பங்கு) ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த வித்தியாசத்தைச் சமப்படுத்த வேண்டும் என்று, லொயிட்ஸ் வங்கி வழக்கில் உயர் நீதிமன்றம் 2018 ஒக்டோபர் 26 அன்று தீர்ப்புச் சொன்னது. 2020 நவம்பரில், ஏற்கெனவே பென்சனை மாற்றிக்கொண்டு போனவர்களுக்கும் குறைத்துக் கொடுத்ததைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றது. அந்த ஏழு வருடமும் நான் உங்கள் கொம்பனியில்தான் இருந்தேன். என் 198,000 இல் அது சேர்ந்திருக்கிறதா? “மீளாய்வில் உள்ளது” என்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் எழுதி அனுப்பியது அரைகுறைத் தொகை. அதைக் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மாற்ற நினைப்பவனெல்லாம் பேராசைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். 2017 இல் பிரிட்டிஷ் ஸ்ரீல் தொழிலாளர் ஏறத்தாழ 8,000 பேர் மாற்றிக்கொண்டு போனதும், அவர்களுக்குக் கிடைத்த ஆலோசனையில் பாதிக்குக் கிட்ட பிழையானது என்று நிதி ஆலோசகர்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. பிறகு கண்டதும் எனக்குத் தெரியும். மனைவி இன்றைக்கும் “தொடாதையுங்கோ, மாதாமாதம் வாறது வரட்டும்” என்றுதான் சொல்கிறா. அவ சொல்வது சரியாகவும் இருக்கலாம். எதுவானாலும் முடிவெடுக்க எனக்கு ஒரு சரியான தொகை வேண்டும். எனக்கு இப்போது 61. 64 ஆனதும் மாற்றக் கேட்கும் சட்ட உரிமை போய்விடும். நீங்கள் இழுக்கிற ஒவ்வொரு மாதமும் என் கணக்கில்தான் விழுகிறது.

உள்ளக முறைப்பாட்டுக்கு நீங்கள் கொடுத்த பதிலைச் சேர்த்து பென்சன் முறைப்பாடுகளை விசாரிக்கிற பென்சன் ஒம்புட்ஸ்மனுக்கு அனுப்பப் படிவம் நிரப்பி வைத்திருக்கிறேன். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அதற்கு முன், நீங்களாகச் செய்யக்கூடியது: என் சேவைக்காலத்தை 18 வருடமாகத் திருத்துங்கள். மூன்று எடுகோளையும் எழுத்தில் தாருங்கள். ஒன்பது கிழமைத் தாமதம் உங்களுடையது என்று ஏற்று, மே மாதத் தொகையை ஆலோசகர் அறிக்கை முடிக்கும்வரை திறந்து வையுங்கள். 250 பவுணைத் திருப்பித் தாருங்கள். பிழையான கணக்குக்கு யாரும் கட்டணம் கட்டுவதில்லை.

1988 ஓகஸ்ட் சம்பளச் சீட்டின் பிரதியை நாலாவது தடவையாக இணைத்திருக்கிறேன். அசல் பிஸ்கற் ரின்னுக்குள் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் ஆளை அனுப்புங்கள், தேத்தண்ணி போட்டுத் தருவோம். தபாலில் மட்டும் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் 17 வருடம் வேலை செய்த, 18 வருடம் வேலை செய்தவன்