கொலோனோஸ்கோபி மயக்கம்: மூச்சைக் கவனிப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, அந்தப் பரிசோதனை யாருக்கு, எப்போது தேவை என்பதைத் தெளிவாகச் சொன்னது. மயக்கத்தைப் பற்றி மட்டும் ஒரே வரிதான்: ஊசி போட்டுவிடுவார்கள், வலி தெரியாது. பரிசோதனைக்கு வருகிறவர்கள் அதிகம் பயப்படுவதும் கேள்வி கேட்பதும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எண்டோஸ்கோபி அறையில் நேரும் சிக்கல்களில் கணிசமான பங்கு குழாயால் வருவதில்லை; மயக்க மருந்து மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் குறைப்பதால் வருகிறது. எனவே கொஞ்சம் விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறோம்.

முதலில் வலி. பெருங்குடலின் உட்சுவரைக் கிள்ளினாலும் அறுத்தாலும் வலிக்காது. பயாப்ஸிக்குச் சதைத் துணுக்கு எடுப்பதும், குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியான பாலிப்பைக் கம்பிச் சுருக்கு போட்டு வெட்டுவதும் விழித்திருக்கும் நோயாளிக்குக்கூடத் தெரியாது; ஆசனவாயை ஒட்டிய சிறு பகுதி மட்டும் விலக்கு. குடல் வலிப்பது அது இழுபடும்போதும் உப்பும்போதும்தான். மலக்குடலுக்கு மேலே உள்ள சிக்மாய்டு பகுதி கட்டில்லாமல் தொங்கிக்கொண்டிருப்பது. அங்கே குழாயைத் தள்ளினால், முனை முன்னே போகாமல் நடுப்பகுதி மட்டும் வளைந்து வளையமாகிறது. அந்த வளையம் குடலைத் தாங்கும் சவ்வை இழுக்கும். அடிவயிற்றைப் பிசைவதுபோல வரும் வலி அதுதான். அனுபவமுள்ள மருத்துவர் அந்த நேரத்தில் மேலும் தள்ளமாட்டார். குழாயைப் பின்னுக்கு இழுத்து, திருகி, வளையத்தை நேராக்கிவிட்டுத்தான் முன்னேறுவார். உதவியாளர் வயிற்றின் மேல் கைவைத்து அழுத்துவதும், இடப்பக்கம் படுத்திருப்பவரை மல்லாக்கத் திருப்புவதும் இதற்காகவே. வளையம் இல்லாமல் போன குழாய் பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்தைத் தொடும்போது, உள்ளே போயிருப்பது 70 முதல் 80 செ.மீ. மட்டுமே. ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே போயும் சீக்கம் வரவில்லை என்றால், எங்கோ வளையம் இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது வாயு. குடலை விரித்துப் பார்க்கச் சாதாரணக் காற்றைச் செலுத்தினால், அதிலுள்ள நைட்ரஜன் எளிதில் உறிஞ்சப்படாமல் மணிக்கணக்கில் வயிற்றை உப்பவைக்கும். கார்பன் டை ஆக்சைடு செலுத்தினால் அது விரைவில் ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். பரிசோதனைக்குப் பிந்தைய வலி வெகுவாகக் குறையும். உள்ளே போகும்போது வாயுவுக்குப் பதில் தண்ணீர் செலுத்தும் முறையிலும் வலி குறைவு. ஆக, வலி நிவாரணத்தில் பாதி ஊசிக்கு வெளியே இருக்கிறது. குழாயைச் செலுத்தும் முறை சரியில்லாத இடத்தில் மருந்தின் அளவு கூடிக்கொண்டே போகும். இதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

மயக்கம் என்பது விளக்கைப் போட்டு அணைப்பதுபோல இரண்டே நிலை கொண்டதல்ல. லேசான தளர்ச்சியில் பேச்சு வழக்கம்போல இருக்கும். மிதமான மயக்கத்தில் பெயரைச் சொல்லி அழைத்தாலோ தோளை மெல்லத் தொட்டாலோ நோயாளி பொருத்தமாகப் பதில் தருவார். மூச்சுக்கு உதவி தேவைப்படாது. ஆழ்ந்த மயக்கத்தில் திரும்பத் திரும்ப அழுத்தித் தூண்டினால்தான் அசைவார். தாடையை உயர்த்திப் பிடிக்க வேண்டிவரலாம். அதற்கும் அப்பால் முழு மயக்கம். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு எப்போது நழுவினார் என்பதை எந்த மணியும் அடித்துச் சொல்லாது. அதனால், எந்த நிலைக்குத் திட்டமிடுகிறோமோ அதற்கு அடுத்த நிலையிலிருந்து நோயாளியை மீட்கத் தெரிந்தவர் அறையில் இருக்கவேண்டும் என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி.

மிதமான மயக்கத்துக்கு வழக்கமான ஜோடி ஃபென்டனிலும் மிடசோலமும். ஃபென்டனில் 50 முதல் 100 மைக்ரோகிராம், இது வலிக்கு. மிடசோலம் 1 முதல் 2 மி.கி., இரண்டு நிமிடங்களில் மெதுவாக. இது பதற்றத்துக்கும் மறதிக்கும். ஃபென்டனிலை முதலில் கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கியபின் மிடசோலத்தைக் கொடுப்பதே சரி. இரண்டும் சேரும்போது மூச்சை அடக்கும் விளைவு வெறும் கூட்டுத்தொகையைவிடப் பெரிது. வயது 60-ஐத் தாண்டியவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் பாதி அளவில் தொடங்கவேண்டும். அவர்களுக்கு மிடசோலம் மொத்தமாக 3.5 மி.கி.யைத் தாண்டுவது அரிதாக இருக்கவேண்டும், மற்றவர்களுக்கு 5 மி.கி. முதியவர்களுக்கு ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் மருந்து முழு வேகத்துக்கு வரக் கூடுதல் நேரமாகும். இங்கேதான் வழக்கமான தவறு நடக்கிறது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, இன்னும் விழித்திருக்கிறாரே என்று இன்னொரு மி.கி.; மறுபடி ஒன்று. ஐந்தாவது நிமிடத்தில் எல்லாம் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கும்.

மருந்துக் குப்பியிலும் ஓர் ஆபத்து உண்டு. மிடசோலம் ஒரு மி.லி.க்கு 1 மி.கி. என்ற அடர்த்தியிலும் கிடைக்கிறது, 5 மி.கி. என்ற அடர்த்தியிலும் கிடைக்கிறது. அடர்த்தி மிகுந்ததை எடுத்துவிட்டால், அதே 2 மி.லி. ஐந்து மடங்கு மருந்தாகிவிடும். இதனால் நேர்ந்த விபத்துகளைப் பார்த்து, அடர்த்தி மிகுந்த குப்பிகளை இத்தகைய அறைகளில் வைக்கவேண்டாம் என்று பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு அமைப்பு 2008-லேயே எச்சரித்தது. சிரிஞ்சின் மேல் மருந்தின் பெயரையும் அடர்த்தியையும் எழுதி ஒட்டாத அறையில் மற்றவற்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இந்த இரு மருந்துகளுக்கும் முறிமருந்து உண்டு: மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில், ஃபென்டனிலுக்கு நலோக்சோன். ஆனால் இரண்டின் வேலையும் சீக்கிரம் தீர்ந்துவிடும். முறிமருந்து அடங்கியபின் உடலில் மிச்சமிருக்கும் மூலமருந்து மறுபடி மயக்கத்தில் ஆழ்த்தலாம். அதனால் முறிமருந்து வாங்கியவரை அதன்பிறகு 2 மணி நேரமாவது கண்காணிப்பில் வைத்திருக்கவேண்டும். தூக்க மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டு வருபவருக்கு ஃப்ளூமசெனில் கொடுத்தால் வலிப்பு வரக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெத்திடின் என்ற பழைய வலி ஊசி இன்னும் சில இடங்களில் புழங்குகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது வேண்டாம்; அதன் கழிவுப்பொருள் உடலில் தேங்கி வலிப்பை உண்டாக்கும்.

புரோபோஃபால் வேறு ரகம். பால்போல வெள்ளையாக இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் தூங்கவைக்கும். நிறுத்தினால் ஐந்து பத்து நிமிடங்களில் தெளிவு வந்துவிடும். நோயாளிகளுக்கும் பிடிக்கும், அடுத்தடுத்து ஆட்களைப் பார்க்கவேண்டிய பிரிவுகளுக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு முறிமருந்து கிடையாது. வலியைக் குறைக்கும் குணமும் இல்லை. வலியால் நெளிபவரை அதை மட்டும் வைத்து அடக்கவேண்டுமென்றால் ஆழ்ந்த மயக்கம்வரை போகவேண்டியிருக்கும். சிறிதளவு ஃபென்டனில் சேர்த்தால் புரோபோஃபாலின் தேவை குறையும். முதல் தவணைக்குப் பிறகு 10, 20 மி.கி. என்று சிறுசிறு தவணைகளாகத்தான் கொடுப்பார்கள். மைக்கேல் ஜாக்சன் 2009-ல் இறந்தது இந்த மருந்தால்தானே என்று நோயாளிகள் கேட்பதுண்டு. ஆமாம், ஆனால் அங்கே முறையான கண்காணிப்புக் கருவிகளும் இல்லை, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட ஆளும் இல்லை. யார் இதைக் கொடுக்கலாம் என்பதில் நாடுகளிடையே ஒருமித்த கருத்து கிடையாது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர்கள் கொடுக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் குறிப்பு, பொது மயக்கம் தரப் பயிற்சி பெற்று, பரிசோதனையில் கைவைக்காத ஒருவர்தான் கொடுக்கவேண்டும் என்கிறது. குழாயைப் பிடித்திருப்பவரே புரோபோஃபாலையும் பார்த்துக்கொள்வது எங்கும் ஏற்கத்தக்கதல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து.

இனி கண்காணிப்பு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டினால் எல்லாம் சரி என்று வீட்டார் நம்புகிறார்கள். அனுபவம் குறைந்த ஊழியர்களும் நம்புகிறார்கள். அது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும்; மூச்சு நடக்கிறதா என்று சொல்லாது. மூக்குக் குழாயில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு நின்று ஒரு நிமிடத்துக்கு மேலாகியும் 98 அப்படியே நிற்கலாம். 90-க்கு இறங்கியபின் சரிவு செங்குத்தாக இருக்கும். மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப், மூச்சு நின்ற உடனே அலை தட்டையாகிக் காட்டிக்கொடுத்துவிடும். மிதமான மயக்கத்துக்கும் இது வேண்டும் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2011 முதல் தன் தரவிதிகளில் சேர்த்தது. வாய்வழியாக மூச்சுவிடுபவருக்கு எண் குறைவாகக் காட்டும் என்பதால், எண்ணைவிட அலையின் வடிவத்தையும் தாளத்தையும் பார்க்கவேண்டும். மார்பு ஏறி இறங்குகிறது, அலை மட்டும் இல்லை என்றால் நாக்கு பின்னே விழுந்து தொண்டையை அடைத்திருக்கிறது. தாடையை உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குறட்டை அதற்கு முந்தைய எச்சரிக்கை. நிம்மதியான தூக்கத்தின் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளக்கூடாது.

இந்த அறைகளில் திரையைப் பார்ப்பதற்காக விளக்கைக் குறைத்துவிடுவார்கள். நோயாளி ஒருக்களித்துப் படுத்து, கழுத்துவரை போர்வை மூடியிருக்கும். எல்லோர் கண்ணும் குடல் தெரியும் திரையில். பாலிப் ஒன்று தென்பட்டால் மயக்கத்தைக் கவனிக்க நிறுத்தப்பட்டவரும் கம்பிச் சுருக்கை எடுத்துக்கொடுக்கப் போய்விடுகிறார். மார்பு தெரியும்படி போர்வையை இறக்கிவிடுவதும், தலைமாட்டில் ஒருவரை அசையாமல் நிறுத்துவதும் செலவில்லாத ஏற்பாடுகள். ஆழ்ந்த மயக்கமென்றால் அவருக்கு வேறு வேலையே இருக்கக்கூடாது.

ரத்த அழுத்தம் தொடக்கத்தில் ஒருமுறை, பிறகு 5 நிமிடத்துக்கு ஒருமுறை. அழுத்தப் பட்டையை ஒரு கையிலும் ஆக்சிமீட்டரை மறுகையிலும் மாட்டவேண்டும். ஒரே கையென்றால் பட்டை இறுகும்போதெல்லாம் ஆக்சிமீட்டர் தவறாகக் கூவும். சலித்துப்போய் யாரோ ஒலியை அணைத்துவிடுவார்கள். உண்மையான எச்சரிக்கையும் அதோடு போய்விடும். ஒருக்களித்தவரின் மேல்பக்கக் கை இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால் அதில் அளவு கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். நகப்பூச்சையும் முன்பே அழித்துவிட்டு வருவது நல்லது.

குடல் இழுபடும்போது நாடி திடீரென 40-க்குப் போகலாம். முகம் வெளுத்து வியர்க்கும். உடனே தள்ளுவதை நிறுத்தி, வாயுவை உறிஞ்சி, வளையத்தைப் பிரித்தால் பெரும்பாலும் தானே சரியாகும். ஆகாவிட்டால் நாடியைக் கூட்டும் அட்ரோபின் ஊசி. நோயாளி நெளிகிறார், கையைத் தட்டிவிடுகிறார் என்றால் மயக்கம் போதவில்லை என்று உடனே இன்னொரு தவணை ஏற்றுவது மிக ஆபத்தான பழக்கம். ஆக்சிஜன் குறைந்தாலும் மனிதர் அப்படித்தான் நெளிவார். முதலில் மூச்சு, பிறகு வளையம், பிறகு நிறைந்த சிறுநீர்ப்பை. இவை மூன்றையும் பார்த்த பின்பே சிரிஞ்சு. வாந்தி வந்தால் உறிஞ்ச, எண்டோஸ்கோப்போடு இணைத்ததைத் தவிர இன்னோர் உறிஞ்சுகுழாய் தலைமாட்டில் தயாராக இருக்கவேண்டும். மூச்சுக் கொடுக்கும் பையும் முகமூடியும் கைக்கெட்டும் தூரத்தில், அலமாரிக்குள் பூட்டாமல்.

முன்னேற்பாட்டில் ஒரு திருத்தம். நள்ளிரவு முதல் தண்ணீரும் குடிக்கக்கூடாது என்ற அறிவுரை பழையது. திட உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்கவேண்டும் என்பது உண்மை. ஆனால் தெளிந்த திரவங்களை 2 மணி நேரத்துக்கு முன்பு வரை குடிக்கலாம். பேதி மருந்தின் இரண்டாம் பாதியை அன்று காலையில் குடிப்பதுதான் குடலை நன்றாகச் சுத்தமாக்கும். அதையும் 2 மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடவேண்டும். தாகத்தோடு, நீர் வற்றிய உடம்போடு வருபவருக்கு முதல் தவணை புரோபோஃபாலிலேயே ரத்த அழுத்தம் சரியும். செமாகுளூட்டைடு போன்ற எடைக்குறைப்பு, சர்க்கரை ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். உறக்கத்தில் மூச்சுத் தடை, பலமான குறட்டை, ஆடும் பல், தினசரி மது, தூக்க மாத்திரை ஆகியவற்றையும் கேட்காமலே சொல்லுங்கள். கேட்க மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

மயக்கமே இல்லாமலும் செய்துகொள்ளலாம் என்பதைக் கட்டுரை குறிப்பிடவில்லை. வலி பெரும்பாலும் குழாய் உள்ளே போகும்போதுதான்; திரும்பி வரும்போது அநேகமாக இருக்காது. கையில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாயை (வென்ஃப்ளான்) போட்டு வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று தொடங்கி, மருந்தே வேண்டாமல் முடித்துக்கொள்பவர்கள் பலர். ஒல்லியான பெண்களுக்கும் கருப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இது கடினமாக இருக்கலாம். பேசிக்கொண்டே இருக்கும் நோயாளியைவிடச் சிறந்த கண்காணிப்புக் கருவி கிடையாது; அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்றும் அவரே சொல்லிவிடுவார்.

முடிந்தபின், எழுந்து உட்கார்ந்து தெளிவாகப் பேசுபவர்கூட மிடசோலத்தின் விளைவால் கேட்டதை மறந்துவிடுவார். முடிவுகளை உடன் வந்தவர் முன்னிலையில் சொல்லி, எழுதியும் தரவேண்டும். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவதோ பத்திரத்தில் கையெழுத்திடுவதோ மது அருந்துவதோ கூடாது. வயிற்று உப்பசம் வாயு பிரிந்தால் தணியும். வாயு பிரிந்தும் தணியாமல் ஏறிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல், தோள்பட்டை வலி, கட்டி கட்டியாக ரத்தம் ஆகியவை குடலில் ஓட்டை அல்லது ரத்தக்கசிவின் அறிகுறியாக இருக்கலாம். மயக்கத்தில் தெரியாமல் போன வலி, மருந்து தெளிந்தபின் வெளிப்படுவதுண்டு. அன்று இரவே மருத்துவமனைக்குத் திரும்பவேண்டும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

இப்படிக்கு,
எண்டோஸ்கோபிப் பிரிவில் பணியாற்றும் மயக்கவியல் மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்