காது கேட்காத குருவி

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்துப் பதில். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. ஒருவழியாகக் காதுக்கருவி பொருத்திக்கொண்டேன். போன மாதம்வரை எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்தேனாம். எனக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. பாட்டு முணுமுணுத்தால் சுருதி எங்கோ போகிறது என்று மகள் வேறு சிரிக்கிறாள்.

அந்த எரிச்சலில் எதையெதையோ படிக்கப்போய்ப் பறவைகளிடம் வந்து நின்றேன். ஜீப்ரா ஃபின்ச் என்றொரு குட்டிப் பறவை. ஆண் குஞ்சு அப்பாவின் பாட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். முதலில் உளறும். சுமார் 90 நாளில் பாட்டு படிந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் அதே பாட்டுதான். இவ்வளவு படிந்ததற்குக் காது எதற்கு? ஆனால் வளர்ந்த பறவையைச் செவிடாக்கினால், வாரக்கணக்கில் பாட்டு மெல்லச் சிதைகிறதாம்.

கேட்காததால் மறந்துபோகிறது என்றுதான் நானும் நினைத்தேன். விஷயம் அப்படியில்லை. மூளையில் எச்.வி.சி. என்ற பகுதி தாளம் தப்பாமல் கணக்கு வைத்துக்கொண்டு, ஆர்.ஏ. என்ற இன்னொரு பகுதி வழியாகக் குரல் தசைகளை இயக்குகிறது. இதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு சுற்று. அதன் கடைசிக் கண்ணி எல்மேன் என்ற மூளைப் பகுதி. படிந்த பாட்டில் துளித்துளியாகப் பிசிறு கலப்பது அதன் வேலை. 2000-இல் பிரெய்னார்டு, டூப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செவிடான பறவைகளில் எல்மேனையும் நீக்கிப் பார்த்தார்கள். பாட்டு கெடவில்லை! எனக்குப் புரிந்தவரை, மறதி பாட்டைக் கெடுக்கவில்லை. காது இல்லாமல் திருத்தப்போன கைதான் கெடுக்கிறது.

அந்தப் பிசிறு வீணுமில்லை. 2007-இல் டூமரும் பிரெய்னார்டும் வங்காளச் சில்லை என்ற இன்னொரு பாடும் பறவையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குறிப்பிட்ட அசை தாழ்ந்த சுருதியில் வந்தால் மட்டும் காதில் இரைச்சல் போடுவது. பறவை கொஞ்சங்கொஞ்சமாகச் சுருதியை ஏற்றிக்கொண்டது. இரைச்சலை நிறுத்தியதும் பழைய இடத்துக்கே திரும்பியது. ஒவ்வொரு தடவையும் பாட்டு இம்மியளவு மாறி வந்ததால்தானே எந்தப் பக்கம் நகர்வது என்று அதற்குத் தெரிந்தது?

இன்னொன்று, நீ ரசிப்பாய். பெண் பறவை எதிரில் இருந்தால் பிசிறு குறைந்து பாட்டு அச்சாக வரும். தனியாக இருக்கும்போதுதான் தாறுமாறு. நம் ஹாஸ்டல் குளியலறைப் பாடகர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். உன்னையும் சேர்த்துத்தான்.

கருவி போட்டுப் பத்து நாளாகிறது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்கிறேன். கத்தினால் உடனே சொல்லிவிடுடா, மரியாதை பார்க்காதே. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
ரகு